மெதுவாக மிதித்தால் எரியாத விளக்கு

பிரேக் லைட் வேலை என்று வண்டி வந்தால் உங்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறீர்களாம், கேள்விப்பட்டேன். ஏசி வேலை என்றால் எழுந்து நிற்கிறீர்கள். ஸ்டார்ட்டர் வேலை என்றால் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குகிறீர்கள். பிரேக் லைட் என்றால் மட்டும், "அந்த ஓரமா நிறுத்துங்க, அப்புறம் பாக்கலாம்." நானும் அப்படி இருந்தவன்தான். அதனால் உங்களைத் திட்டுகிற உரிமை எனக்கு முழுதாக இருக்கிறது.

நம் ஏரியா ஆட்டோ எலெக்ட்ரீஷியன் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சென்னீர்குப்பத்தில் முப்பத்தாறு வருடம் கடை வைத்திருந்தேன். கண்ணில் புரை விழுந்து, சிவப்பு வயரும் பிரவுன் வயரும் ஒரே நிறமாகத் தெரிய ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டேன். ஆபரேஷன் முடிந்து இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் திரும்பத் திறக்க வீட்டில் விடவில்லை. வயரிங் படங்கள் உங்கள் போனிலேயே கிடைக்கின்றன. மல்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று நான் எழுதப் போவதில்லை. போனில் கிடைக்காத ஒன்றை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நல்ல எலெக்ட்ரீஷியன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எஃப்சிக்கு, அதாவது ஆர்டிஓ தகுதிச் சான்றுக்கு, காட்டுவதற்கு முன்னால் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது நம் பக்கத்து வழக்கம். அப்படி அடித்துக்கொண்டு ஒரு மினி லாரி வந்தது. பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, பிரேக் லைட் எரியவில்லை. இரண்டு கடையில் மூன்று நாள் நின்றுவிட்டு வந்த வண்டி அது. ஒருவர் மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்லியிருந்தார். நான் லைட்டைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்துப் புதுப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டினேன். பெயிண்டர் எர்த் பிடிக்கிற இடத்துக்கும், அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்புகிற இடத்துக்கும், சேர்த்து அடித்திருந்தார், அவ்வளவுதான் கோளாறு. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வண்டி வெளியே போய்விட்டது.

இப்படி நாலு வண்டியைப் பார்த்துவிட்டால் மனிதனுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? எனக்கு வந்தது. அது இறங்கிய கதைதான் இது.

எங்கள் காலத்தில் தனியாளாகக் கடை நடத்தியவர்கள் எல்லோரிடமும் ஒரு கட்டை இருக்கும். உங்களில் சிலரிடமும் இருக்கும். பிரேக் லைட்டைப் பார்க்க ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் அளவாக வெட்டிய கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டால் அது மிதித்துக்கொண்டே இருக்கும், நாம் பின்னால் போய் நிதானமாகப் பார்க்கலாம். என்னுடையது நல்ல தேக்குக் கட்டை. "இவர்தான் என் அசிஸ்டன்ட். லீவு கேக்க மாட்டார், போன் பேச மாட்டார்" என்று வருகிறவர்களிடம் அறிமுகம் செய்துவைப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

இனி செல்வி. சேக்காட்டுக்காரி. அங்கேயே பல தலைமுறையாகப் பயிர் வைத்திருந்த குடும்பம். பங்கில் வந்த மனையை விற்று, பதினாறு வருடத்துப் பழைய வேன் ஒன்றை வாங்கி, அதை ஸ்கூல் வேனாக அவளே ஓட்டினாள். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக்காரர்கள் இருக்கும் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை ஏற்றி, சென்னீர்குப்பம் வழியாக நசரத்பேட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவாள், மாலையில் அதே வழியில் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அவள் ஓட்டினால் மூடாத டிபன் பாக்ஸில்கூட குழம்பு அலம்பாது என்று குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் சொல்வார்கள். அது வெறும் புகழ்ச்சி இல்லை, நானே ஏறிப் போயிருக்கிறேன். பதினாலு பிள்ளைகள் அவளை நம்பி ஏறினார்கள். அந்தப் பதினாலு பிள்ளைகளை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியதில் அந்த வேன் ஒன்றரை வருடம் ஒரே இடத்தில் நின்றது. பள்ளி திறக்கப் போகிறார்கள் என்றதும் செல்வி வண்டியை என்னிடம் கொண்டுவந்தாள். அதாவது, கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, எலி பூந்துகினு மொத்த வயரையும் கட்ச்சி வெச்சிகீது. திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குறாங்க. நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

எலி நன்றாகவே சாப்பிட்டிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியிலும், பின்பக்கம் தரைக்குக் கீழேயும் வயருக்குப் பதிலாக வெறும் செம்புதான் இருந்தது. பிரேக் லைட், இண்டிகேட்டர், பார்க்கிங் லைட் எதுவும் கிடையாது. மூன்று நாள் உட்கார்ந்து முன்னாலிருந்து பின்னால் வரை புது வயரிங் போட்டேன். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் சால்டர் வைத்தேன், டேப் சுற்றினேன், வயர் போகிற பாதை எல்லாம் குழாய் போட்டேன். சொன்னால் நம்புங்கள், அந்த வயரிங்கை போட்டோ எடுத்து மாட்டலாம். கடைசியில் கட்டையை முட்டுக் கொடுத்துப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு பிரேக் லைட்டும் ஜம்மென்று எரிந்தன. எலியைத் திட்டிவிட்டு வேலையை முடித்தேன்.

கோளாறு ஒன்று கிடைத்துவிட்டால் நமக்குத் தேடுகிற புத்தி நின்றுவிடுகிறது. அதுவும் அந்தக் கோளாறு பெரியதாக, பார்த்தாலே தெரிவதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எலி கடித்த வயரைப் பார்த்த பிறகு அந்த வண்டியில் வேறு எதுவும் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பள்ளி திறந்து நாலாம் நாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் செல்வி கடைக்கு முன்னால் வேனை நிறுத்தினாள்.

"அண்ணே, பிரேக் லைட்டு எரியலன்னு நேத்து ஒரு ஆட்டோக்காரரு சொல்லிட்டுப் போனாரு. இன்னிக்கு ஸ்கூட்டர்ல வந்த ஒரு பொண்ணும் அதத்தான் சொல்லிச்சி. ஒரு தபா பாத்துடேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் வயரிங்கையா? கட்டையை எடுத்து முட்டுக் கொடுத்தேன். அவள் கையைப் பிடிக்காத குறையாகப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"எரியுதா?"

"எரியுது."

"ரெண்டும்?"

"ரெண்டும்தாண்ணே."

"அப்ப அவங்களுக்குத்தான் கண்ணு தெரியல. போய் வண்டிய ஓட்டு."

அவள் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தாள். "நானாதான் பயந்துகினு கீறேன் போல" என்றாள். சரி என்று நானும் சிரித்தேன். ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர் ஒரே பொய்யை எதற்காகச் சொல்லப் போகிறார்கள் என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பின்னால் வந்தவர்களின் கண்ணைவிட என் கட்டையை நம்பினேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, மாலை நாலு மணி இருக்கும். கடைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் டமார் என்று சத்தம். எழுந்து பார்த்தால் செல்வியின் வேன். அதன் பின்னால் ஒரு கம்பெனி பஸ், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றப் போகிற காலி பஸ், முட்டிக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நின்றதால் செல்வி வேகத்தைக் குறைத்திருக்கிறாள். பஸ் குறைக்கவில்லை.

வேனின் பின்கதவு நடுவில் உள்ளே போயிருந்தது. லைட் இரண்டும் உடையவில்லை. உடைந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. பிள்ளைகளை எல்லாம் இறக்கி டீக்கடை நிழலில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்கு முன் சீட்டுக் கம்பி இடித்து உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மற்றவர்கள் பயத்தில் அழுதார்கள். செல்வி அந்தப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, தன் முந்தானையால் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் பஸ் டிரைவரைச் சுற்றிக்கொண்டது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், கண்ணாடி போட்டிருந்தார். திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"லைட்டு எரியல சார். எரிஞ்சிருந்தா நான் நிறுத்தியிருப்பேன் சார்."

செல்வி என்னைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, இங்க வாண்ணே! லைட்டு எரியலயாம். நீதானே போட்ட, நீயே வந்து சொல்லு!"

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு அந்த ஏரியாவில் ஒரு பெயர் இருந்தது. ஜனங்கள் வழி விட்டார்கள். வேனில் ஏறி உட்கார்ந்து பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். பின்னால் நின்றவர்கள், "எரியுது! ரெண்டும் எரியுது!" என்று கத்தினார்கள். நான் இறங்கி வந்து அந்த மனிதருக்கு நேராக நின்றேன்.

"என் கையால போட்ட வயரிங் இது. எரியலன்னு சொல்ற. கண்ண எங்க வெச்சிகினு ஓட்டுன?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பனியன் போட்ட ஒருவர் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். கண்ணாடி தெறித்துக் கீழே விழுந்தது. இன்னும் இரண்டு பேர் கையை ஓங்கினார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்ததால் அதோடு நின்றது. அறைந்தது வேறொருவர் கைதான். ஆனால் அதற்கு அனுமதி கொடுத்தது என் வாய். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

போலீஸ்காரர் நோட்டை எடுத்துக்கொண்டே, வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். செல்வி குழந்தையை டீக்கடைக்காரர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள். கூட்டம் முழுக்கப் பஸ் பக்கம் இருந்தது. நான் மட்டும் வேனுக்குப் பின்னால் நின்று, "போ, போ, போ... போதும்" என்று கை காட்டினேன். முன்னால் இருபதடி உருண்டு போய், அவள் எப்போதும் நிறுத்துவது போல, ஒரு குலுக்கல் இல்லாமல் வேனை நிறுத்தினாள்.

லைட் எரியவில்லை.

வெயிலில் தெரியவில்லையோ என்று கிட்டே போய்க் கையால் மறைத்துப் பார்த்தேன். இல்லை, எரியவில்லை.

"செல்வி, பிரேக்ல கால் வெச்சிகினு கீறியா?"

"வெச்சிகினுதான் கீறேன்ணே."

"கொஞ்சம் அழுத்து."

எரிந்தது.

"லேசா விடு."

அணைந்தது. ஆனால் சரிவான அந்த ஓரத்தில் வேன் அசையவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் காலத்து வேன்களில் பிரேக் சுவிட்ச் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும். மிதித்தால் ஆயில் தள்ளும், சுவிட்சுக்குள் தகடு சேரும், விளக்கு எரியும். ஒன்றரை வருடம் சும்மா நின்றதில் அந்தச் சுவிட்ச் இறுகிப் போயிருந்தது. ஓங்கி மிதித்தால் சேரும், மெதுவாக மிதித்தால் சேராது. என் கட்டைக்கு மெதுவாக மிதிக்கத் தெரியாது. எனக்கும் அந்த அவசரத்தில் தெரியவில்லை. செல்விக்கு மெதுவாக மட்டும்தான் மிதிக்கத் தெரியும், பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களே. வேறு யாராவது முரட்டுத்தனமாக ஓட்டியிருந்தால் அந்த லைட் ஒழுங்காக எரிந்திருக்கும். பஸ் டிரைவர் சொன்னது அத்தனையும் உண்மை.

இதைப் பார்த்தது நான் ஒருவன் மட்டும். உள்ளே உட்கார்ந்திருந்த செல்விக்குத் தெரியாது. மற்றவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்த நொடியில் எனக்கு நீதி நியாயம் எல்லாம் தோன்றியது என்று எழுதினால் நான் புளுகன். முதலில் வந்த யோசனை இதுதான்: வேனைக் கடைக்குள் கொண்டுபோய்விடலாம், இருட்டுவதற்குள் யாருக்கும் சொல்லாமல் சுவிட்சை மாற்றிவிடலாம். கம்பெனிக்காரர்கள் பின்கதவைச் சரி செய்து கொடுப்பார்கள். செல்விக்கும் கெட்ட பெயர் இல்லை, எனக்கும் இல்லை. யோசிக்க யோசிக்க அது நல்ல யோசனையாகவே பட்டது. செல்விக்காகச் செய்கிறேன் என்றுகூட மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வேனைக் கடைக்குள் கொண்டுபோகலாமா என்று போலீஸ்காரரைக் கேட்கப் பஸ் பக்கம் போனேன். டிரைவர் ஒரு பக்கத்து வில்லை உடைந்துபோன மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் தன் சூப்பர்வைசரிடம் பேசிக்கொண்டிருந்தார். என் காதில் விழுந்தது.

"இல்ல சார், லைட்டு எரியுது சார். எல்லாரும் பாத்தாங்க. மெக்கானிக்கே வந்து காட்டிட்டாரு... என் கண்ணுதான் சரியில்ல போல சார். எனக்கே தெரியல சார், தூங்கிட்டேனா இன்னான்னு..."

முதலில் செல்வி, "நானாதான் பயந்துகினு கீறேன் போல" என்றாள். இப்போது இந்த மனிதர் தன் கண்ணையே சந்தேகிக்கிறார். செல்விக்கு வந்த சந்தேகமும் சரி, இவர் கண்டதும் சரி. தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய ஒருவன் சொன்னதால், காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் தப்பென்று நினைத்துக்கொண்டார்கள். இன்னும் பத்து நிமிடம் நான் பேசாமல் இருந்தால் அந்த டிரைவரின் லைசென்சும் வேலையும் போய்விடும். அதைவிட, இனி அவர் ஒவ்வொரு நாளும் தன் கண்ணை நம்பாமல் பஸ் ஓட்ட வேண்டியிருக்கும்.

நேராகப் போலீஸ்காரரிடம் போனேன்.

"சார், எழுதாதீங்க. லைட்டு எரியல. இவரு சொல்றதுதான் சரி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், நீதானய்யா இப்ப எரியுதுன்னு சொன்ன?"

"அப்ப தப்பா சொன்னேன் சார்."

கூட்டம் மொத்தமும் வேனுக்குப் பின்னால் வந்து நின்றது. செல்வியை உட்காரவைத்து, எப்போதும் போல மிதிக்கச் சொன்னேன். எரியவில்லை. ஓங்கி மிதிக்கச் சொன்னேன். எரிந்தது. மறுபடி மெதுவாக. எரியவில்லை. "இது செல்வி தப்பு இல்ல. எங்கிட்ட எரியலன்னு வந்து சொல்லிச்சி. நான்தான் பாக்கத் தெரியாம திருப்பி அனுப்பினேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அறைந்த ஆளைத் தேடினேன், காணவில்லை. அப்படிப்பட்டவர்கள் இருக்க மாட்டார்கள். டிரைவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். போனை மறுபடி காதில் வைத்து, "சார், லைட்டு எரியல சார்" என்றார். இந்த முறை குரலில் சந்தேகம் இல்லை.

செல்வி இறங்கி வந்தாள். அழவில்லை. "ஏண்ணே, அவரு பொயப்பக் காப்பாத்திட்ட. என் பொயப்ப இன்னா பண்ணப்போற?" என்றாள்.

போலீஸ்காரர் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார். எனக்குத்தான் அதிகம். இடைவெளி விட்டு ஓட்டியிருந்தால் லைட் எரியாவிட்டாலும் நிறுத்தியிருக்கலாம் என்று டிரைவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கம்பெனியிலிருந்து வந்தவரிடம் நடந்ததை நானே சொன்னேன், எழுதியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டிரைவருக்கு வேலை போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அதே வழியில்தான் தினமும் பஸ் ஓட்டினார். என் கடைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வந்திருந்தால்தான் அதிசயம்.

அன்று பிள்ளைகளை வேறொரு வேனில் அனுப்பினோம். பக்கத்துக் கடை மெக்கானிக்கை வைத்துச் சுவிட்சை மாற்றி, பிரேக் ஆயில் குழாயில் புகுந்த காற்றை எடுத்து, பின்கதவைத் தட்டி நேராக்கினோம். பிறகு நான் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, செல்வியை மெதுவாக, இன்னும் மெதுவாக, கால் வைத்தும் வைக்காததுமாக மிதிக்கச் சொன்னேன். முப்பது நாற்பது முறை. அவள் சொன்னபடி செய்தாள். போகும்போது ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, "காத்தால யாரும் ஏறமாட்டாங்க" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஆவடிக்குப் போனேன். குவார்ட்டர்ஸ் கேட் வாசலில் செல்வியின் வேன் நின்றது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் ஒரு அம்மாவோ அப்பாவோ பிடித்திருந்தார். செல்வி வேன் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளாக என்ன சொல்வது?

நான் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கட்டையைப் பற்றியும் சொன்னேன். உதடு கிழிந்த குழந்தையின் அம்மா திருநெல்வேலிப் பக்கம். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுததெல்லாம் சரி. இப்ப மட்டும் எல்லாம் நல்லாருக்குன்னு உங்க வாயால சொல்லுவியளா?"

"சொல்ல மாட்டேம்மா. நேத்தும் என் வாயாலதான் சொன்னேன். நீங்களே மிதிச்சுப் பாருங்க."

"எனக்கு ஸ்கூட்டியத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாதே."

"ஓட்ட வேணாம். கால மட்டும் வைங்க. தூங்குற கொழந்த மேல கை வெக்கிற மாதிரி வைங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். நான் ஓரமாக நின்றேன். "எரியுதுக்கா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் நம்பவில்லை. இன்னொருவரை ஏற்றி மிதிக்கச் சொல்லிவிட்டுத் தானே பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு அம்மாவும் ஏறி மிதித்தார்கள். ஒருவர் இடுப்பில் கைக்குழந்தையோடு ஏறினார். பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது, எரிந்தபோதெல்லாம் கை தட்டினார்கள். பள்ளிக்கு மணி அடித்திருக்கும்.

ஒரு அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தன் இரண்டு பிள்ளைகளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் செய்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு பேரும் செல்வியின் வேனுக்குத் திரும்ப வரவில்லை, அந்த இழப்புக்கு நான்தான் காரணம். திருநெல்வேலி அம்மா கழற்றிவிட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு மகளைத் தூக்கி, தன் கையாலேயே சீட்டில் உட்காரவைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் பிள்ளைகளின் கையை விட்டார்கள்.

பன்னிரண்டு பிள்ளைகள் ஏறியதும் செல்வி எண்ணிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள். சாத்தாமல் நின்றாள்.

"இன்னாண்ணே அங்கியே நின்னுகினு கீற? ஏறு. கடையாண்ட எறக்கி உட்டுட்டுப் போறேன்."

கடைசி சீட்டில் இரண்டு பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே வந்தேன். எங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண்மணி, தோளில் ஆபீஸ் பை, காலுக்கு நடுவில் காய்கறிக் கூடை. செல்வி தன் வழக்கப்படி பூப்போல வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் அவரும் குறைத்தார். ஸ்பீட் பிரேக்கரில் குறைத்தார், சிக்னலில் குறைத்தார், குறுக்கே மாடு வந்தபோது குறைத்தார். ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. விளக்கைத்தான் பார்த்தார்.

தம்பிகளே, தங்கைகளே, காலை எடுத்தால் அணைந்துவிடுவதால், ஓட்டுகிறவர் இறங்கி வந்துகூடத் தன் கண்ணால் பார்க்க முடியாத விளக்கு இது ஒன்றுதான். வண்டியைக் கொண்டுவந்து உங்களிடம் விடுகிறவருக்காக நீங்கள் இந்த வேலையைச் செய்வதில்லை. பின்னால் வருகிற, பெயர் தெரியாத, உங்கள் கடை எங்கே என்றுகூடத் தெரியாத ஒருவருக்காகச் செய்கிறீர்கள். அவர் வந்து எரியவில்லை என்று சொன்னால், தயவுசெய்து அவரை நம்புங்கள். என்னைப் போல வீம்பு பிடிக்காதீர்கள். வண்டியை ஓட்டுகிறவரின் கால் எப்படி மிதிக்குமோ அப்படி மிதித்துப் பாருங்கள்.

சென்னீர்குப்பத்தில் என் கடைக்கு முன்னால் செல்வி வேனை நிறுத்தினாள். பின்னால் வந்த பெண்மணி ஒரு கை தூரத்தில் நின்றார். நான் இறங்க நேரமானது. அவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். "நடுரோட்லதான் நிறுத்துவீங்களா? அறிவில்ல?" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, வேனைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.